பள்ளி வாசலில் கத்தரிக்கோலோடு நிற்கும் ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், ஒழுங்குக் குழுவில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் வணக்கம்.

வடசென்னையில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு வணிகவியல் எடுக்கிறேன். உங்களில் ஒருவராக இருந்துதான் இதை எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் வாசலில் பையன்களை நிறுத்தி முடியை வெட்டுவதை விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் தோற்றம் பற்றி ஒரு விதி போடுவதற்கு முன்னால், அந்த விதி எந்த வீட்டுப் பிள்ளையைப் பிடிக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளையை விட்டுவிடுகிறது என்று ஒரு தடவை உட்கார்ந்து யோசியுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரமே இது ஆரம்பமாகிவிடுகிறது. பிரேயர் மணி அடிப்பதற்குள் வாசலில் தனியாக ஒரு வரிசை நிற்கும். பக்கவாட்டில் ஒட்ட எடுத்து மேலே மட்டும் நிறைய விட்டவன், காதுக்கு மேலே மெஷினால் கோடு போட்டவன், லீவில் அடித்த கலர் முழுசாகப் போகாதவன். ஆசிரியர் ஒருவர் முன்மண்டையில் ஒரு பிடி முடியைப் பிடித்து நறுக்கென்று ஒரு வெட்டு வெட்டுவார். கோணலாக இருந்தால்தான் அவன் சலூனுக்குப் போய் மொத்தத்தையும் எடுப்பான் என்பது கணக்கு. அந்தப் பையன் அந்தத் தலையோடு அன்றைக்கு எட்டு பீரியடும் வகுப்பில் உட்கார வேண்டும். பெண் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியென்றால் மதியச் சாப்பாட்டுக்குக்கூட பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டான். மறுநாள் வர மாட்டான். அதற்கடுத்த நாளும் வர மாட்டான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போடுவது வகுப்பாசிரியர். முடியை வெட்டியவர் கையில் அந்தப் பதிவேடு இருப்பதில்லை, அதனால் அவருக்கு இது தெரிவதுமில்லை.

அப்பா இல்லாத பையன், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், ஏற்கெனவே படிப்பில் ஆர்வம் குறைந்து ஒரு கால் வெளியே வைத்திருப்பவன். இப்படிப்பட்டவர்கள்தான் அந்த மூன்று நாள் லீவை மூன்று மாதமாக ஆக்குகிறவர்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடிக் கணக்கெடுக்க நாமே தெருத்தெருவாகப் போகிறோம். போகிற வீடுகளில் சிலவற்றில் காரணம் இந்த முடிதான்.

இதையெல்லாம் சொன்னால் ஸ்டாஃப் ரூமில் எனக்குக் கிடைக்கும் பதில், "சார், இந்தப் புள்ளிங்கோ பசங்களுக்கு நீங்க ஏன் வக்காலத்து வாங்குறீங்க?" என்பதுதான். அந்தப் பெயரை நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! கலர் அடித்த முடி, ஒட்டின பேன்ட், பைக், கூட்டமாக ஒரு செல்ஃபி. இது மொத்தமும் யாருடைய ஃபேஷன் என்று எல்லோருக்கும் தெரியும். வியாசர்பாடி, காசிமேடு, கண்ணகி நகர் மாதிரி ஏழை மக்கள் வாழும் இடங்களில் இருந்து வரும் பையன்களுடையது. இணையத்தில் அவர்களைக் கேலி செய்து போடாத வீடியோ இல்லை. வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடுகிறார்கள். நெய்மர் எப்படி முடி வெட்டினாரோ அப்படி அடுத்த மாதம் அங்கே பத்துப் பையன்கள் வெட்டியிருப்பார்கள். தனக்குப் பிடித்த ஆட்டக்காரனைப் போலத் தெரிய வேண்டும் என்ற ஆசை ரவுடித்தனத்தின் அடையாளமாக எப்போது ஆனது?

எங்கள் பள்ளிக்குப் பின்தெருவில் இருக்கும் சலூனில், பக்கவாட்டில் ஒட்ட எடுக்கும் ஃபேட் கட்டிங் 120 ரூபாய். கோடு போட்டால் இன்னும் 20. எங்கள் பையன்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள். காலை டிபனில் இருந்து ராத்திரிப் பந்தி வரை இலை போட்டு, தண்ணீர் வைத்து, பரிமாறி, கூலியாக 500, 600 ரூபாய் வாங்கி வருவார்கள். அதில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சத்தில் முடி வெட்டிக்கொள்கிறார்கள். தன் கையில் இருக்கும் காசுக்குள், பதினாறு வயதுப் பையன் தன்னை அழகாக ஆக்கிக்கொள்ள அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

சரி, அதே வாசல் வழியாக அதே நேரத்தில் உள்ளே போகும் இன்னொரு பையனைப் பாருங்கள். தலைமுடி விதிப்படி இருக்கிறது. காலில் கருப்பு ஷூ, அதுவும் விதிப்படிதான். அந்த ஷூ 4,500 ரூபாய். பக்கத்தில் கருப்பிலேயே மூன்று கோடு தைத்திருக்கும், தெரிந்தவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி. கையில் ஸ்மார்ட் வாட்ச், தோளில் பிராண்டு பை. அவனை யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்த வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, அவனும் நம் பிள்ளைதான். அவனுக்கும் ஃபேஷன் ஆசை இருக்கிறது, இவனுக்கும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஆசை "டீசன்ட்" என்று உள்ளே போகிறது, காசில்லாமல் நிறைவேற்றிக்கொண்ட ஆசை வாசலில் நிற்கிறது. நம் ஒழுங்கு விதி இப்படி ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

உண்மையில் பிள்ளைகளை உள்ளுக்குள் அரிப்பது முடி கிடையாது. வகுப்பறைக்குள் நடக்கும் விலைக் கணக்கு. வணிகவியல் ஆசிரியர் என்பதால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே கண்ணில் படுகிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு ஷூவைப் பார்த்த பத்து விநாடியில் ஒரிஜினலா, ஃபர்ஸ்ட் காப்பியா, பிளாட்பாரமா என்று சொல்லிவிடுவார்கள். நாக்கில் இருக்கும் லேபிளைத் திருப்பிப் பார்ப்பார்கள். தையல் நேராக இருக்கிறதா, லோகோவின் வால் எவ்வளவு நீளம், அடிப்பாகத்தில் பசை பிதுங்கியிருக்கிறதா என்று எல்லாம் தெரியும். பேலன்ஸ் ஷீட்டில் இந்தக் கவனம் இருந்தால் எல்லோரும் சென்டம் வாங்கிவிடுவார்கள் என்று நான் அவர்களிடமே சொல்வதுண்டு.

ஒரு பையன் பிளாட்பாரத்தில் வாங்கிய ஷூவோடு வந்தான். பார்ப்பதற்கு அடிடாஸ் மாதிரியே இருக்கும், எழுத்து மட்டும் 'அபிபாஸ்' என்று இருக்கும். முதல் நாள் இரண்டாவது பீரியடுக்குள் அவன் பெயரே அபிபாஸ் ஆகிவிட்டது. அட்டென்டன்ஸ் எடுக்கும்போது அவன் பெயரைச் சொன்னால் பின்னாலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி ஒரு குரல் வரும், வகுப்பு சிரிக்கும். அடுத்த வாரம் அந்த ஷூவைப் பார்த்தேன். எழுத்து இருந்த இடத்தில் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடித்து மறைத்திருந்தான். மழை பெய்த நாளில் அந்த மை கரைந்து சாக்ஸ் ஓரமெல்லாம் கருப்பாக இருந்தது. அந்தப் பையனின் தலைமுடி எப்போதும் விதிப்படிதான் இருந்தது. அதனால் நம் ஒழுங்குக் குழுவுக்கு அவனைத் தெரியவே தெரியாது.

அரசு கொடுக்கும் இலவசப் பையும் இந்தக் கணக்கில் வருகிறது. ஆறாம் வகுப்பில் ஆசையாகத் தூக்கிவரும் பிள்ளை ஒன்பதாவது வந்ததும் அதை வீட்டில் போட்டுவிட்டு, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 350 ரூபாய்க்கு ஏதோ ஒரு பையை அடம்பிடித்து வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறது. மூன்று மாதத்தில் ஜிப் போய்விடும். அரசுப் பை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதைப் பார்த்ததும் 'இலவசம்' என்று தெரிந்துவிடுகிறதே, அதுதான் காரணம்.

காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், ஊர்மக்களிடம் கேட்டு வாங்கிப் பள்ளிகளைச் சீரமைத்தார்கள். மதிய உணவும் சீருடையும் அந்தக் காலத்தில்தான் நம் பள்ளிகளில் வேர்விட்டன. கிழிசல் சட்டையோடு வரும் பிள்ளை, நல்ல சட்டையோடு வரும் பிள்ளைக்குப் பக்கத்தில் கூசாமல் உட்கார வேண்டும் என்பதுதான் சீருடையின் நோக்கம். அந்த நோக்கத்தில் இருந்து பார்த்தால், சீருடை என்பது பிள்ளைகளை ஒரே அச்சில் வார்க்க வந்த சமாச்சாரம் இல்லை. வீட்டு வறுமை வகுப்பறைக்குள் தெரியாமல் இருக்க வந்தது. நாம் எப்படியோ ஒரே அச்சில் வார்ப்பதைப் பிடித்துக்கொண்டு, வறுமையை மறைப்பதை விட்டுவிட்டோம்.

இதில் பள்ளியே முன்னின்று செய்யும் காரியங்களும் இருக்கின்றன. பிறந்தநாளுக்கு கலர் டிரஸ் போட்டு வந்து சாக்லேட் கொடுக்கும் வழக்கம் ஒன்று. ஆண்டு விழா நடனத்துக்கு வாடகை உடை இன்னொன்று. எல்லாவற்றையும் விட, இப்போது பன்னிரண்டாம் வகுப்பு ஃபேர்வெல்.

முன்பெல்லாம் பெண் பிள்ளைகள் அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பீரோவில் இருந்து எடுத்த பட்டு, கொஞ்சம் நாப்தலின் வாசனையோடு. பிளவுஸை அங்கங்கே பிடித்து பின் குத்தியிருப்பார்கள். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் கலர் முடிவாகிறது. பேஸ்டல் பிங்க் என்றோ லாவண்டர் என்றோ யாரோ இரண்டு மூன்று பேர் முடிவு செய்கிறார்கள். அந்தக் கலரில் அம்மாவிடம் புடவை இருக்காது, அப்படியானால் புதிது வாங்க வேண்டும். பிளவுஸில் ஆரி வேலை செய்தால் தையல்கூலி புடவை விலையைத் தாண்டிவிடும். மேட்சிங் வளையல், நகப்பூச்சு, பார்லர். பையன்களுக்கு ஒரே கலர் சட்டை, வேட்டி, கூலிங்கிளாஸ். ட்ரோன் வைத்துப் படம் எடுக்கும் பள்ளிகள்கூட இருக்கின்றன. அந்த வீடியோ ரீல்ஸாக வந்ததும், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஃபேர்வெல்லுக்கு அதைவிட ஒரு படி மேலே போக வேண்டியிருக்கிறது.

ஃபேர்வெல் அன்று வயிற்றுவலி என்று லீவு போடும் பெண் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். மறுநாள் ரிவிஷன் டெஸ்டுக்கு சரியாக வந்துவிடுவார்கள். நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஏழு வருடம் ஒரே பள்ளியில் படித்துவிட்டு, வகுப்பின் கடைசி குரூப் போட்டோவில் இல்லாமல் போகிற பிள்ளைகள் அவர்கள். இதை ஆசிரியர்கள் ஒரு வார்த்தையில் நிறுத்தலாம். "வீட்டில் இருக்கும் நல்ல உடை எதுவோ அதைப் போட்டு வாருங்கள், கலர் தீம் வேண்டாம்" என்று வகுப்பாசிரியர் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். உள்ளூர நிம்மதிப் பெருமூச்சு விடும் பிள்ளைகள், முணுமுணுக்கும் பிள்ளைகளை விட அதிகமாகவே இருப்பார்கள்.

பதின்ம வயதில் பிறரைப் போல இருக்கத் துடிப்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த நோய் கிடையாது. தென் கொரியாவில் 1983-ல் பள்ளிச் சீருடையை எடுத்துவிட்டார்கள். உடைக்கான செலவு ஏறியது போன்ற காரணங்களால் 1986-ல் இருந்து பள்ளிகள் விரும்பினால் சீருடைக்குத் திரும்பலாம் என்று ஆனது. அப்புறம் பார்த்தால் சீருடைக்கு மேலே போடும் குளிர்கால ஜாக்கெட்டில் போட்டி வந்து நின்றது. 2011 குளிர்காலத்தில் நார்த் ஃபேஸ் ஜாக்கெட் அங்கே மாணவர்களின் இரண்டாவது சீருடை போல ஆகிவிட்டது. எந்த விலை ஜாக்கெட் போட்டவன் எந்தப் படி என்று வகுப்புக்குள் ஒரு வரிசையே உண்டானது. பெற்றோரின் முதுகெலும்பை முறிக்கும் பொருள் என்று அந்த ஜாக்கெட்டுகளுக்கு அங்கே ஒரு பட்டப்பெயர். அதே குளிர்காலத்தில், 2012 ஜனவரியில், சியோல் நகரக் கல்வித்துறை மாணவர் உரிமை விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தலைமுடியை எப்படி வைத்துக்கொள்வது என்பது மாணவரின் உரிமை என்று அதில் எழுதியிருந்தார்கள். கட்டுப்பாட்டுக்குப் பேர்போன ஒரு நாட்டின் தலைநகரம், முடியை விட்டுவிடுவோம் என்ற இடத்துக்கு அன்று வந்தது.

இங்கிலாந்தில் பெர்கன்ஹெட் என்ற ஊரில் உட்சர்ச் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று. 2018 நவம்பரில் அந்தப் பள்ளி பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மான்க்ளேர், கனடா கூஸ் மாதிரியான விலையுயர்ந்த கோட்டுகளைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் இனி பள்ளிக்கு வரக் கூடாது. காரணம், அதை வாங்க முடியாத பிள்ளைகள் மனம் குன்றிப்போகிறார்கள், பெற்றோர் மேல் சுமை ஏறுகிறது. நல்ல கோட்டு போடுவது தவறா என்று விவாதம் வந்தது. ஆனால் அந்தப் பள்ளி கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பள்ளிக்குள் எந்தப் பொருள் ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைக்கிறது? அதை அவர்கள் கண்டுபிடித்து, காசுள்ள வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னார்கள். நாம் எப்போதும் தட்டுவது காசில்லாத வீட்டுக் கதவை.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று கேட்பீர்கள், கேட்க வேண்டும். முடியை விட்டால் கையில் கட்டும் சாதிக் கயிறையும் விட வேண்டுமா? இல்லை. அது வேறு, இது வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சமூக மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம் போன்றவற்றைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தக் கயிறு பக்கத்து பெஞ்சில் இருப்பவனைப் பார்த்து, நீ யார் என்று எனக்குத் தெரியும் என்று மிரட்டுகிறது. அதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும், கழற்றச் சொல்லிவிட்டு உட்கார்ந்து பேசவும் வேண்டும். தலையில் ஒரு கோடு போட்டவன் யாரை மிரட்டுகிறான்? இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் கயிறு கட்டியவனுக்கும் அது வெறும் ஃபேஷன் பிரச்சினையாகத் தெரிகிறது. அப்படித் தெரிவதுதான் ஆபத்து.

சட்டம் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, பிள்ளைகளுக்கு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எல்லோர் முன்னாலும் ஒருவன் தலையை அலங்கோலம் ஆக்குவது இரண்டாவதில் வரும் என்பதற்கு வக்கீல் தேவையில்லை. அந்தச் சட்டம் பதினான்கு வயது வரைக்கும்தானே என்று வாதாடுவது நமக்கு அழகும் இல்லை.

முடி கண்ணில் விழுந்தால் எழுத முடியாது, அறிவியல் சோதனைக்கூடத்தில் பர்னர் பக்கத்தில் ஆபத்து. இந்தக் காரணங்கள் எனக்கும் புரிகின்றன. அப்படியென்றால் விதியை அப்படியே எழுதுங்கள்: முடி கண்ணை மறைக்கக் கூடாது, சுத்தமாக இருக்க வேண்டும். அது போதும். மீறினால் வீட்டுக்கு ஒரு போன், அம்மாவிடமோ அண்ணனிடமோ நாலு வார்த்தை. பெண் பிள்ளைகளுக்கும் இதுவே. இரட்டைச் சடையை மடித்துக் கட்டவில்லை, ரிப்பன் கலர் மாறிவிட்டது, புருவம் திருத்தியிருக்கிறாள் என்று வெயிலில் நிற்க வைப்பதும் நிற்கட்டும். புருவம் திருத்தியதைக் கண்டுபிடிக்க ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் முகத்தை மைதானத்தில் எல்லோர் முன்னாலும் நிமிர்த்திப் பார்க்கிறோம். அதை நம் வீட்டுப் பெண்ணுக்கு யாராவது செய்தால் பொறுப்போமா?

அந்த நேரத்தை வகுப்பில் செலவிடலாம். விலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசலாம், அவர்களுக்குப் பிடிக்கும். விளம்பரம் பற்றிய பாடம் வரும்போது நான் ஒரு ஷூவை மேசைமேல் வைத்து, இதன் விலையில் தோல் எவ்வளவு, தையல்கூலி எவ்வளவு, விளம்பரத்தில் வரும் விளையாட்டு வீரருக்கு எவ்வளவு, கடைவாடகை எவ்வளவு என்று அவர்களையே ஊகிக்கச் சொல்வேன். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நம் ஊர்ப் பெண்கள் தைக்கும் ஷூக்கள் வெளிநாட்டுப் பிராண்டுகளின் பெயரில் கப்பல் ஏறுகின்றன என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். "எங்க சித்தி அங்கதான் வேலை பாக்குறாங்க சார்" என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னது. அன்றைக்கு எல்லோரும் அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். ஒரு ஜோடிக்கு சித்திக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் உங்கள் பள்ளியில் ஆசிரியர் கூட்டமும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமும் நடக்கும். தோற்றம் பற்றிய விதிகள் இருக்கும் அந்த ஒற்றைத் தாளை அங்கே எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே, இதைக் கடைப்பிடிக்க ஒரு வீட்டுக்கு எவ்வளவு செலவு, மீறியதாகப் பிடிபடுகிறவர்கள் யார் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். ஃபேர்வெல் கலர் தீம் என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் இருக்கும் பெற்றோரில் தினக்கூலி வேலைக்குப் போகிற ஒருவரையாவது முதலில் பேசச் சொல்லுங்கள். நான் சொன்னதில் உடன்பாடு இல்லாதவர்களும் தங்கள் பள்ளியின் தாளோடு எனக்குப் பதில் எழுதுங்கள், படித்துவிட்டு நிச்சயம் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
வடசென்னை